என்.பி.ஏ. பாஸ்கெட்பால் இறுதித் தொடரிலிருந்து நம் பள்ளிப் பையன்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருக்கும் தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணே, அமெரிக்க பாஸ்கெட்பால் லீகான என்.பி.ஏ.வின் 2025 இறுதித் தொடரைப் பையன்கள் செல்போனில் பார்த்துப் பார்த்து மனப்பாடமே செய்துவிட்டார்கள். பிராக்டிஸுக்கு வந்தால் ஆளாளுக்கு இண்டியானா அணியின் ஹாலிபர்டன் மாதிரி கடைசி நொடி ஷாட் போட்டுப் பார்க்கிறார்கள். திட்டவும் மனசு வரவில்லை. அந்தத் தொடரிலிருந்து இவர்களுக்கு உருப்படியாக எதைச் சொல்லிக்கொடுக்கலாம்?"

தம்பி, திட்டாமல் விட்டீர்களே, அதுவே நல்ல காரியம். ஆசையோடு மைதானத்துக்கு வருகிற பையனுக்கு எதை வேண்டுமானாலும் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் அந்த ஏழு மேட்சிலும் நம் பையன்களுக்கு மிகக் குறைவாகப் பயன்படக்கூடியது அந்தக் கடைசி ஷாட்தான். அதிகமாகப் பயன்படக்கூடியது அதே மேட்சின் முதல் பாதி. அதை யாரும் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியும் இண்டியானா பேசர்ஸ் அணியும் மோதின. ஜூன் 5-ல் தொடங்கி ஜூன் 22-ல் முடிந்தது. நம் நேரத்துக்குப் பொழுது விடிகிற நேரம்: பெரும்பாலும் காலை 6 மணி, அங்கே ஞாயிறு இரவு மேட்ச் என்றால் இங்கே திங்கள் காலை 5.30. ஓக்லஹோமா அந்த சீசனில் 82 மேட்சில் 68 ஜெயித்து வந்த அணி. இண்டியானா சீசனின் தொடக்கத்தில் 10 வெற்றி, 15 தோல்வி என்று திணறிப் பிறகு தேறி 50 வெற்றியோடு முடித்த அணி. எல்லோரும் ஓக்லஹோமா சுலபமாக முடித்துவிடும் என்று நினைத்தார்கள். ஏழாவது மேட்ச் வரை இழுத்து, கடைசியில் 4-3 என்று ஓக்லஹோமா ஜெயித்தது.

சரி, அந்த ஷாட்டுக்கு வருவோம். பையன்களை உட்கார வைத்து நிதானமாக ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். முதல் மேட்ச், ஓக்லஹோமாவின் சொந்தத் தரை. 110-109 என்று இண்டியானா ஒரு புள்ளி பின்னால் நிற்கிறது. ஓக்லஹோமாவின் நட்சத்திரம் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் ஒரு ஷாட் எடுக்கிறார். இண்டியானாவின் ஆண்ட்ரூ நெம்ஹார்ட் கடைசி வரை அவர் முன்னால் நின்று மறைக்கிறார், ஷாட் தவறுகிறது. இண்டியானாவின் ஆரன் நீஸ்மித் ரீபவுண்ட் எடுக்கிறார், அதாவது தவறித் திரும்பிய பந்தைப் பிடிக்கிறார். சுமார் 11 வினாடி மிச்சம். இண்டியானா பயிற்சியாளர் ரிக் கார்லைலிடம் டைம்அவுட் இருக்கிறது, கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓக்லஹோமாவும் மூச்சு வாங்கி, நல்ல டிஃபென்ஸ் ஆட்களை இறக்கி, ஒழுங்காக நின்றிருக்கும். ஹாலிபர்டன் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டி, வலது பக்கம் போய், ஓக்லஹோமாவின் கேசன் வாலஸ் தலைக்கு மேலாக எறிகிறார். 0.3 வினாடி இருக்கும்போது பந்து உள்ளே போகிறது. 111-110.

அவர் நின்ற இடத்தைப் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் த்ரீ பாயிண்டர் என்பார்கள். அது இரண்டு புள்ளி ஷாட். ஒரு புள்ளி பின்னால் இருக்கும்போது மூன்று எதற்கு? தேவையான இரண்டை, கைக்கு வசமான இடத்தில் நின்று எடுத்தார். அதற்கு முன்னால் நெம்ஹார்டின் டிஃபென்ஸும் நீஸ்மித்தின் ரீபவுண்டும் இல்லையென்றால் அந்த ஷாட்டே கிடையாது. அந்த 11 வினாடியில் நாலு பேர் வேலை இருக்கிறது. வீடியோவில் ஒருவர் முகம்தான் தெரிகிறது.

இப்போது முதல் பாதிக்குப் போங்கள். அந்த மேட்சின் முதல் பாதியில் மட்டும் இண்டியானா 19 முறை பந்தைப் பறிகொடுத்தது. ஷாட்டே எடுக்காமல் பந்தை எதிரியிடம் கொடுத்துவிட்டு வந்தது 19 முறை! பாதி நேரத்தில் 57-45 என்று பின்தங்கியது, கடைசிக் கால் பகுதியில் 15 புள்ளி வரை பின்னால் போனது. 48 நிமிட ஆட்டத்தில் இண்டியானா முன்னிலையில் இருந்தது கடைசி 0.3 வினாடி மட்டும்தான். இவ்வளவு பந்தைக் கொட்டியும் எப்படித் தப்பித்தது? பறித்த பந்துகளை ஓக்லஹோமா அதிகம் புள்ளியாக மாற்றவில்லை. கிடைத்ததில் பெரும்பகுதியை வீணடித்தது, கடைசியில் மாட்டிக்கொண்டது.

அன்று காலையில் இதைப் பார்த்த பையன் என்ன பாடம் எடுத்துக்கொள்வான்? "பந்தைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, கடைசியில் ஒரு ஷாட் போட்டால் ஜெயிச்சிடலாம்" என்று. தவறான பாடம் அது. தவறென்று தெரிய இன்னும் ஆறு மேட்ச் வேண்டியிருந்தது.

ஏழாவது மேட்சில் அதே வியாதி திரும்ப வந்தது. பாதி நேரத்தில் 48-47 என்று இண்டியானாதான் முன்னால் இருந்தது. மூன்றாவது கால் பகுதியில் 34-20 என்று ஓக்லஹோமா அள்ளிக்கொண்டு போனது. இண்டியானா அன்றைக்கும் 20 தடவைக்கு மேல் பந்தைப் பறிகொடுத்தது. இந்த முறை ஓக்லஹோமா அந்தப் பந்துகளிலிருந்து எடுத்த புள்ளிகள் 32. மேட்ச் முடிந்தது 103-91, வித்தியாசம் 12. வேறு கணக்கு எதுவும் பார்க்க வேண்டாம். முதல் மேட்ச் மன்னித்த தப்பை ஏழாவது மேட்ச் மன்னிக்கவில்லை. இந்த இரண்டு மேட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்கள் என்றால், பையன்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில் பாதி முடிந்தது.

நம் பையன்கள் ஆடுவது எல்லாமே ஒற்றை மேட்ச். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, கோடை விடுமுறையில் ஊர் கிளப்புகள் வைக்கிற நாக்அவுட்: தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். ஜெயித்தால் எதனால் ஜெயித்தோம் என்று யாரும் கேட்பதில்லை. தோற்றால் ரெஃப்ரி மேல் பழி, இல்லாவிட்டால் கடைசியில் ஷாட்டைத் தவறவிட்ட பையன் மேல் பழி. அவன் தவறவிட்டது ஒரு ஷாட். அதற்கு முன்னால் அணி முழுவதும் சேர்ந்து பந்தைக் கொட்டியதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

அதனால் முதல் வேலை எழுதி வைப்பது. நம் பக்கத்துக் கடைகளில் பழைய பெரியவர்கள் ஐந்தொகை போட்டுவிட்டுத்தான் தூங்கப் போவார்கள், வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எங்கே ஒழுகியது என்று. பந்துக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். பெஞ்சில் இருக்கிற பையனிடம் கொடுங்கள். ஒவ்வொரு தடவை பந்து போகும்போதும் யார், எந்த நிமிடம், எப்படி என்று எழுதச் சொல்லுங்கள். "எப்படி" என்பதில் இரண்டு வகை பிரியுங்கள். ட்ராவல் (பந்தைத் தட்டாமல் நடப்பது), டபுள் டிரிப்பிள் (தட்டி நிறுத்திவிட்டு மறுபடி தட்டுவது), கோட்டுக்கு வெளியே போனது, அட்டாக் செய்கிறவன் மோதி வாங்கிய ஃபவுல், இதெல்லாம் ஒரு வகை. விசில் ஊதிவிடுகிறார்கள், ஆட்டம் நிற்கிறது, நீங்கள் பின்னால் ஓடி டிஃபென்ஸில் நிற்க நேரம் கிடைக்கிறது. பாஸை நடுவில் வெட்டிப் பிடித்துக்கொண்டு எதிரி ஓடுவது இன்னொரு வகை. அதற்கு நேரம் கிடையாது, நேராக வலைக்குக் கிட்டே போய்ப் போடுகிற லேஅப்தான். முதல் வகையில் பத்து போனாலும் தாங்கிவிடலாம். இரண்டாவது வகையில் ஐந்து போனால் மேட்சே போய்விடும். ஒரு மாதம் இந்த நோட்டை எழுதினால், "நான் நல்லாத்தானே ஆடினேன் சார்" என்கிற பையனே பக்கத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வான். நீங்கள் திட்ட வேண்டியதே இருக்காது.

நோட்டை எழுதுகிற வேலையை எப்போதும் ஒரே பையனுக்குக் கொடுக்காதீர்கள், மாற்றி மாற்றிக் கொடுங்கள். எழுதுகிறவன்தான் ஆட்டத்தை முழுசாகப் பார்க்கிறான்.

பந்து எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால், நான் இந்தப் பக்கத்து சிமெண்ட் கோர்ட்டுகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஓரிடம். எதிரணி பாஸ்கெட் போட்டுவிடும். நம் பையன் முகம் தொங்கிப்போகும். வலைக்குக் கீழே உருளுகிற பந்தை ஒற்றைக் கையால் எடுப்பான், கோட்டுக்கு வெளியே ஒரு கால், உள்ளே ஒரு கால், தலையைக்கூட நிமிர்த்தாமல் பக்கத்தில் இருப்பவன் பக்கமாகத் தூக்கிப் போடுவான். அந்தப் பந்து காற்றில் மிதந்து போகும். நம் ஊர் அணிகள் யாரும் அதை வெட்டப் பார்ப்பதில்லை, எல்லோரும் திரும்பி ஓடிக்கொண்டிருப்பார்கள், அதனால் அவனுக்கு அது பழகிப்போய்விட்டது. கொஞ்சம் சூட்டிகையான அணி வந்தால் அங்கேயே மாட்டுவான்.

இதற்குத்தான் மூன்றாவது மேட்சில் டி.ஜே. மெக்கானல் ஆடியதைக் காட்டச் சொல்கிறேன். இண்டியானாவின் மாற்று ஆட்டக்காரர். என்.பி.ஏ.வில் அவர் உயரம் உயரமே இல்லை, சுமார் 185 சென்டிமீட்டர். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2015 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. அன்றைக்கு அவர் செய்தது இதுதான்: தன் அணி பாஸ்கெட் போட்டதும் திரும்பி ஓடுகிற மாதிரி போவார், போகாமல் அங்கேயே பதுங்கி நிற்பார். வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுகிற ஆள் அசந்த நொடியில் பாய்ந்து பிடித்துவிடுவார். உலகத்திலேயே சிறந்த அணியிடமிருந்து, இறுதித் தொடரில், இப்படிப் பந்தைப் பறித்தார். அந்த மேட்சில் அவருக்கு 10 புள்ளி, 5 அசிஸ்ட் (பாஸ்கெட்டுக்கு வழி செய்த பாஸ்), 5 ஸ்டீல் (பறித்த பந்து). உயரம் குறைவு என்று பெஞ்சில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இதைப் பயிற்சி செய்ய ஜிம் வேண்டாம், மரத்தரை வேண்டாம். அடுத்த வாரத்திலிருந்து உங்கள் பிராக்டிஸில் ஒரு விதி போடுங்கள்: பாஸ்கெட் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது, பந்தை உள்ளே போடும்போது வெட்டலாம். இரண்டு வாரத்தில் அந்தச் சோம்பேறி பாஸ் காணாமல் போய்விடும்.

அதே மூன்றாவது மேட்சில் இன்னொன்றும் இருக்கிறது. மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்த புள்ளிகள்: இண்டியானாவுக்கு 49, ஓக்லஹோமாவுக்கு 18. பெனடிக்ட் மாதுரின் பெஞ்சிலிருந்து வந்து, 22 நிமிடம்தான் ஆடி, 27 புள்ளி எடுத்தார். இண்டியானா 116-107 என்று ஜெயித்தது. அந்த அணி வருஷம் முழுக்கப் பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்கி ஓடிக்கொண்டே இருந்தது. எதிரிக்கு மூச்சு வாங்கும்போது இவர்களுக்கு வாங்காது.

நம் பக்கம் என்ன செய்கிறோம்? நல்ல பையன் ஐந்து பேரைப் பொறுக்கி, 40 நிமிடமும் அவர்களையே ஓட விடுகிறோம். மாற்றுப் பையன்களின் வேலை தண்ணீர் பாட்டில் கொடுப்பது, துண்டு கொடுப்பது. சித்திரை வெயில் அடங்கின பிறகும் மாலை ஐந்து மணிக்கு நம் சிமெண்ட் தரை கொதிக்கும், கையை வைக்க முடியாது. அந்தத் தரையில் நாலாவது கால் பகுதிக்கு வரும்போது எந்தப் பையனுக்கும் காலில் பலம் இருக்காது. கால் போனால் பாஸ் போகும். பந்து இழப்புக் கணக்கைக் கால் பகுதிவாரியாகக் கூட்டிப் பாருங்கள், கடைசிக் கால் பகுதியில் எகிறியிருக்கும். ஆகவே எட்டுப் பேராவது இரண்டாவது கால் பகுதிக்குள் களத்தில் இறங்கிவிட வேண்டும் என்று நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சில மேட்ச் கைவிட்டுப் போகலாம். போகட்டும். பத்தாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு வருஷத்தைக் கழித்த பையன் பதினொன்றாம் வகுப்பில் மைதானம் பக்கமே வரமாட்டான்.

நாலாவது மேட்ச் எனக்கு மிகவும் பிடித்த மேட்ச். இண்டியானா 2-1 என்று தொடரில் முன்னால் இருக்கிறது, சொந்தத் தரை, மூன்று கால் பகுதி முடியும்போது ஏழு புள்ளி முன்னிலை. அதிலும் தோற்றிருந்தால் ஓக்லஹோமா 3-1 என்று பின்தங்கியிருக்கும், கதை முடிந்திருக்கும். அன்று ஓக்லஹோமாவுக்கு த்ரீ பாயிண்டர் விழவே இல்லை, மேட்ச் முழுவதும் மூன்றே மூன்று. இருந்தும் 111-104 என்று ஜெயித்தது. எப்படி? ஃப்ரீ த்ரோவில், அதாவது எதிரி ஃபவுல் செய்தால் கோட்டில் நின்று தடையில்லாமல் போடுகிற வாய்ப்பில். 38 கிடைத்தது, 34 உள்ளே போனது. கில்ஜஸ் அலெக்சாண்டர் 35 புள்ளி எடுத்தார், அதில் 15 கடைசி ஐந்து நிமிடத்துக்குள். கூட்டத்தோடு வாதாடவில்லை, தொலைவிலிருந்து எறிந்து மந்திரம் எதுவும் செய்யவில்லை. தனக்கு வசமான இடத்துக்குப் போனார், ஃபவுல் வாங்கினார், கோட்டில் நின்று போட்டார். இண்டியானா கடைசி நிமிடங்களில் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டது.

ஃப்ரீ த்ரோ நம் ஊரில் பிராக்டிஸ் தொடங்குவதற்கு முன்னால் சும்மா நின்று போடுகிற ஒன்றாகிவிட்டது. அது பிரயோஜனமில்லை. ஓடிக் களைத்து, இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போது போட வேண்டும். கோர்ட்டை முழுசாக நாலு ஓட்டம் ஓடவிட்டு, உடனே கோட்டில் நிறுத்தி இரண்டு போடச் சொல்லுங்கள். தவறினால் அணி முழுவதும் இன்னொரு ஓட்டம். இது ஒன்றைச் செய்தாலே மாவட்ட அளவில் உங்கள் அணி வேறு அணி.

த்ரீ பாயிண்டர் பற்றி ஒரு வார்த்தை. என்.பி.ஏ. கோடு உச்சியில் 7.24 மீட்டர், நாம் ஆடுகிற சர்வதேச விதியில் 6.75 மீட்டர். பதினாலு வயசுப் பையனுக்கு அந்த 6.75-ஏ தூரம். தோளிலிருந்து தள்ளிப் பழகினால் கை அமைப்பே கெட்டுப்போகும், பிறகு திருத்துவது பெரும்பாடு. கிட்டே இருந்து தொடங்கி, விழ விழ ஒரு அடி பின்னால் போகச் சொல்லுங்கள்.

பயிற்சியாளருக்கும் இந்தத் தொடரில் பாடம் உண்டு, எனக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான். ஓக்லஹோமாவின் மார்க் டேக்னல்ட், சீசன் முழுக்க நன்றாக ஆடிய உயரமான சென்டர் ஹார்ட்டன்ஸ்டைனை முதல் மேட்சில் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, வேகத்துக்காகக் கேசன் வாலஸை வைத்தார். மூன்று மேட்சில் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. நாலாவது மேட்சில் கௌரவம் பார்க்காமல் ஹார்ட்டன்ஸ்டைனை மறுபடி தொடக்கத்தில் இறக்கினார். அதற்குப் பிறகு நடந்த நாலு மேட்சில் மூன்று வெற்றி. ஹார்ட்டன்ஸ்டைனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் வைத்தபோதும் ஆடினார், திரும்பக் கூப்பிட்டபோதும் ஆடினார்.

இனிமேல் சொல்லப்போவதை, மற்றதெல்லாம் மறந்துபோனாலும், நீங்கள் மறக்கக் கூடாது.

ஐந்தாவது மேட்சில் ஹாலிபர்டனுக்கு வலது கெண்டைக்கால் சதையில் அடி. அன்று அவரால் ஒரு ஷாட்கூட உள்ளே போட முடியவில்லை. ஃப்ரீ த்ரோவில் மட்டும் 4 புள்ளி. ஆறாவது மேட்சில் அதே காலோடு ஆடினார், இண்டியானா 108-91 என்று ஜெயித்தது. ஏழாவது மேட்சில் தொடக்கத்திலேயே மூன்று த்ரீ பாயிண்டர் போட்டார். முதல் கால் பகுதி முடிவதற்குள், யாரும் தொடாமலே, கிளம்பி ஓடப்போன இடத்தில் விழுந்தார். அதே வலது காலின் குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. அடுத்த சீசன் முழுக்க அவரால் ஆட முடியாது என்று அணி அறிவித்தது. 2019 இறுதித் தொடரிலும் இப்படித்தான் நடந்தது. கெண்டைக்கால் காயத்திலிருந்து திரும்பி வந்து ஐந்தாவது மேட்சில் ஆடிய கெவின் டியூரன்டுக்குக் குதிகால் தசைநார் அறுந்து, அடுத்த சீசன் முழுவதும் போனது.

ஹாலிபர்டன் வளர்ந்த மனிதர். மருத்துவர்கள் கூட இருந்தார்கள். ஆபத்து தெரிந்துதான் இறங்கினார், மறுபடி அப்படி ஒரு வாய்ப்பு வந்தாலும் ஆடுவேன் என்று பிறகு எழுதவும் செய்தார். அவருடைய வாழ்நாளின் மேட்ச் அது, அவர் முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் நம் பையனுக்கு வயசு பதினைந்து. அவன் ஆடுவது குறுவட்ட அரையிறுதி. அவனுக்கு அந்த முடிவை எடுக்கும் வயசு இல்லை, எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். "வலிக்குது, ஆனா ஆடறேன் சார்" என்று அவன் சொல்வான். தலைமையாசிரியர் கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா, "பரவாயில்லை, இறக்குங்க சார்" என்பார். அந்த இடத்தில் கல் மாதிரி நில்லுங்கள்.

சில நடைமுறை விஷயங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று ஒரு பையன் உட்கார்ந்தால், அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. சுளுக்கோ சதைப்பிடிப்போ, முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவுவது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது கூடாது. வீட்டில் அப்பத்தாவும் ஆயாவும் பாசத்தில் அதைத்தான் செய்வார்கள், நீங்களே வீட்டுக்கு போன் போட்டு மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ், காலை உயர்த்தி வைப்பது, ஓய்வு, இவைதான் வேண்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். வலியில்லாமல் நல்ல கால் அளவுக்குச் செய்ய முடியாதவரை ஓட விடாதீர்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது என்று பையன் சொன்னால், திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றால், தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். தேய்ந்துபோன செருப்புக் கடை கான்வாஸ் ஷூவோடு சிமெண்ட் தரையில் தினமும் குதிக்கிற கால்கள் இவை. பழைய மாணவர்கள் ஊருக்கு வந்து பள்ளிக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் கேடயம் கேட்காதீர்கள், ஷூ கேளுங்கள்.

பள்ளி நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஓக்லஹோமா 2020-21-ல் 22 மேட்ச்தான் ஜெயித்தது, 50 தோற்றது. அடுத்த சீசனில் 24 வெற்றி, 58 தோல்வி. 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 152-79 என்று தோற்றது. 73 புள்ளி வித்தியாசம், என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி. அன்றைக்கும் பயிற்சியாளர் இதே டேக்னல்ட்தான். அவரை மாற்றவில்லை. பிறகு 40 வெற்றி, 57, 68, கோப்பை. நம் பக்கம் ஒரு மாவட்டப் போட்டியில் முதல் சுற்றில் தோற்றால் பாஸ்கெட்பாலை நிறுத்திவிட்டு அந்த நேரத்தை ஸ்பெஷல் கிளாஸுக்குக் கொடுக்கிற பள்ளிகள் இருக்கின்றன. பையன்கள் தேறுவதற்கு மூன்று வருஷம் கேளுங்கள், இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கடைசியாக, நான் உங்களிடம் உண்மையில் கேட்க விரும்புவது இதுதான். இந்தப் பாடம் எதையும் வீடியோவில் காட்டி மட்டும் கற்றுக்கொடுத்துவிட முடியாது. ஒரே அணியோடு திரும்பத் திரும்ப மோதினால்தான் பையனுக்கு உறைக்கும். முதல் மேட்சில் தப்பித்த தப்பு மூன்றாவது மேட்சில் மாட்டும். எதிரியும் உங்களைப் படித்துக்கொண்டு வருவான். உங்கள் நல்ல பையன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் வேறு வழி தேட வேண்டும். நாக்அவுட்டில் இது வரவே வராது.

ஒரு தொடர் வைப்போம். தேவகோட்டையும் காரைக்குடியும் பஸ்ஸில் அரைமணி, முக்கால் மணி நேரம். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் கைக்கெட்டும் தூரம். உங்கள் பள்ளியும் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றும் போதும். ஐந்து சனிக்கிழமை, ஐந்து மேட்ச், மூன்று ஜெயிப்பவர் தொடரை எடுக்கிறார். முதல் இரண்டு உங்கள் தரையில், அடுத்த இரண்டு அவர்கள் தரையில், ஐந்தாவது தேவைப்பட்டால் மறுபடி உங்கள் தரையில். பரீட்சை இல்லாத மாதமாகப் பாருங்கள். மாலை நாலரைக்குத் தொடங்கினால் இருட்டுவதற்குள் முடித்துவிடலாம், விளக்குச் செலவு இல்லை. ரெஃப்ரிக்கும் ஸ்கோர் எழுதவும் காரைக்குடியில் அழகப்பா உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் இது நல்ல பழக்கம், துறையில் முறையாகக் கடிதம் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். பெண் பிள்ளைகள் அணி இருந்தால் அதே நாளில் அவர்களுக்கும் ஒரு மேட்ச் வையுங்கள். பஸ் ஒன்றுதான், செலவும் ஒன்றுதான்.

பந்து கிடைத்த அணி 24 வினாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும்; அதைக் காட்டும் கடிகாரம் நம் கோர்ட்டுகளில் இருக்காது. ஒரு ஆசிரியர் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, 14 வினாடி ஆனதும் "பத்து" என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள், அது போதும். ஒவ்வொரு மேட்சுக்கும் நடுவில் கிடைக்கும் அந்த ஒரு வாரம்தான் முக்கியம். திங்கட்கிழமை நோட்டைப் பிரித்து வைத்து, எங்கே பந்து போனது என்று பையன்களையே படிக்கச் சொல்லுங்கள். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை அந்த ஒன்றைத் திருத்துங்கள், ஒன்று மட்டும். சனிக்கிழமை மறுபடி அதே எதிரி. தேதி முடிவானதும் எனக்குச் சொல்லுங்கள் தம்பி, முதல் மேட்சுக்கு நான் வருகிறேன், நோட்டு எழுதுகிற பையன் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் பிரித்து எழுதுவது என்று காட்டித் தருகிறேன்.